நகர்ந்துபோன அளவைக் கற்கள்

சுமத்திரா அதிர்ந்தால் இங்கே அடுக்குமாடி வீடுகளில் விளக்கு ஊசலாடுவதை நாம் அறிவோம். அத்தீவின் நெடுக, சுமார் 1,900 கிலோமீட்டர் நீளத்திற்கு, நிலத்தில் ஒரு பிளவு ஓடுகிறது.

1892-ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் அங்கே நிலம் அளந்துகொண்டிருந்தார்கள். குன்றுகளின் உச்சியில் தூண்கள் நாட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உள்ள கோணத்தை அளப்பது அவர்கள் முறை. தப்பானுலி பகுதியில் அந்த வேலையைக் கவனித்தவர் முல்லர். மே 17-ஆம் நாள் பூமி அதிர்ந்தது. பிறகு அளந்தபோது, புதிய கோணங்கள் பழையவற்றோடு ஒத்துவரவில்லை. வேறொருவராயிருந்தால் கருவியின் கோளாறு என்று தள்ளியிருப்பார்! முல்லர் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தார். பிளவின் இரு பக்கத்துத் தூண்களும் எதிரெதிர்த் திசையில், ஏறக்குறைய 2 மீட்டர் விலகியிருந்தன. தோட்டத்தின் எல்லைக்கல் இரவோடு இரவாக இடம் மாறினால் எப்படியிருக்கும், எண்ணிப் பாருங்கள்.

இதன் காரணம் 1906-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் குலுங்கிய பிறகுதான் தெளிவாயிற்று. அங்கே பிளவைக் கடந்து சென்ற வேலி ஓரிடத்தில் அறுந்து, துண்டுகள் சில மீட்டர் தள்ளி நின்றன. பழைய, புதிய அளவைகளை ஆராய்ந்த ரீட் என்ற அறிஞர், 1910-இல் தம் விளக்கத்தை வெளியிட்டார். பிளவின் இரு பக்கமும் மெல்ல மெல்ல நகர்கின்றன. ஆனால் உரசும் இடத்தில் பாறைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஆகவே பாறை வளைகிறது. பாறையும் வளையுமா என்று கேட்பீர்கள். வளையும், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்வு, பல கிலோமீட்டர் அகலத்திற்குப் பரவுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. உராய்வு தாங்காத நாளில், இழுத்துவிட்ட ரப்பர் போல இரு பக்கமும் சட்டென்று நிமிர்கின்றன. அந்த உதறல்தான் நிலநடுக்கம்.

உரசும் இடத்துப் பாறை மாவாகவும் களிமண்ணாகவும் அரைபட்டுக் கிடக்கும். சுமார் 15 கிலோமீட்டருக்குக் கீழே வெப்பம் மிகுதி. அங்கே பாறை உடைவதில்லை, கெட்டியாக இருந்தபடியே மிக மெதுவாக இழைகிறது.

இன்றைய துணைக்கோள் அளவைப்படி, சுமத்திராப் பிளவின் நடுப்பகுதி ஆண்டுக்கு 23 அல்லது 24 மில்லிமீட்டர் நகர்கிறது. டச்சுக்காரர்களின் பழைய கோணக் கணக்குகளை 2000-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் மறுபடியும் எடுத்துக் கணக்கிட்டார்கள். 1892-இல் நிலம் நழுவியது 2 மீட்டர் அல்ல, ஏறக்குறைய 4.5 மீட்டர் என்று கண்டார்கள். வகுத்துப் பார்த்தால், சுமார் 190 ஆண்டுகளாகச் சேர்ந்த வளைவு அது.