மாணவர் சூழல் சுற்றுலா

மாணவர் சூழல் சுற்றுலா: இயற்கைப் பகுதியில் தங்கி, உள்ளூர்ப் பண்பாட்டை அறிந்து, காட்டுயிர்ப் பாதுகாப்பிலும் ஊர்த்தொண்டிலும் மாணவர் பங்கேற்கும் கல்விப் பயணம். இயற்கை நோக்கல், பண்பாட்டறிதல், உடலுழைப்பு ஆகியன இதன் மூன்று கூறுகள்.

இந்தியாவில் இதையொத்த மாணவர் தொண்டுக்கு அமைப்பு வடிவம் தந்தது, 1969 செப்டம்பர் 24இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம். அதன் 7 நாள் சிறப்பு முகாமில் மாணவர் சிற்றூரில் தங்கி மரக்கன்று நடுதல், குளம் தூர்வாருதல் போன்ற பணிகளைச் செய்வர்.

இத்தகைய பயணத்துக்குரிய இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டச் சாந்திபுரம். இவ்வூர் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் புழங்கும் குப்பம் வட்டாரத்தைச் சேர்ந்தது. அப்பகுதியின் கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயம் 1990இல் அறிவிக்கப்பட்டது. 1980களில் அண்டை மாநிலக் காடுகளிலிருந்து வந்த யானைகளின் வாழிடம் இது. யானைகள் விளைநிலங்களில் இறங்குவதே இங்குள்ள முதன்மைப் பாதுகாப்புச் சிக்கல். சரணாலயத்துக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை.