மண்டியிட்ட இரவும் மே மாதக் கப்பல்களும்: மெக்கின்லியின் பிலிப்பைன்ஸ் கூற்றுக்கு ஒரு மறுவாசிப்பு

1899 நவம்பர் 21 அன்று மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையின் மிஷன் குழுவினர் சிலர் வெள்ளை மாளிகைக்குச் சென்றார்கள். அதிபர் வில்லியம் மெக்கின்லி அவர்களிடம் சொன்னதாக வழங்கும் கூற்றை பிலிப்பைன்ஸ் இணைப்பைப் பற்றி எழுதுபவர் எவரும் தாண்டிப் போக முடிவதில்லை. நீண்ட காலம் அது ஏகாதிபத்தியத்தின் ஒப்புதல் வாக்குமூலமாகவே படிக்கப்பட்டது. பின்வந்த ஆய்வுமரபு ஒன்று அதை ஏறக்குறைய போலி என்று ஒதுக்கிவிட்டது. இவ்விரண்டாம் நிலைப்பாடே இன்று நிதானமானது என்று பெயரெடுத்திருக்கிறது. என் கருத்து வேறுபாடும் அதனோடுதான். கூற்றை ஒதுக்குவதால் நாம் இழப்பது ஒரு பிரார்த்தனைக் கதையை மட்டும் அல்ல. மெக்கின்லி எங்கே உண்மைக்கு மாறாகப் பேசினார் என்று காட்டக்கூடிய சான்றும் அதனோடு சேர்ந்து கை நழுவுகிறது.

கூற்றின் சாரம் தெரிந்ததே. விடைபெற எழுந்தவர்களை அதிபர் நிறுத்துகிறார். பிலிப்பைன்ஸ் எனக்கு வேண்டியிருக்கவில்லை என்கிறார். அமெரிக்கக் கடற்படைத் தளபதி டூயியை மணிலாவுக்கு அனுப்பியது ஸ்பானியக் கப்பற்படை பசிபிக்கைக் கடந்து ஆரெகன், கலிபோர்னியா கரைகளைத் தாக்கிவிடக் கூடாதே என்பதற்காக; அதற்கு மேல் அப்போது யோசிக்கவில்லை. பிறகு மணிலா மட்டும் போதும் என்று நினைத்தார், பிறகு லூசோன், பிறகு இன்னும் சில தீவுகள். இரு கட்சியினரிடமும் யோசனை கேட்டும் பயனில்லை. இரவுகளில் நடை பயின்றார், மண்டியிட்டு வேண்டினார். ஓர் இரவு விடை வந்தது. ஸ்பெயினிடம் திருப்பிக் கொடுப்பது கோழைத்தனம். பிரான்சுக்கோ ஜெர்மனிக்கோ விடுவது வியாபாரத்துக்குக் கேடு. தீவினரிடமே விட்டால் அராஜகம். ஆகவே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அம்மக்களைக் கல்வியிலும் கிறிஸ்தவத்திலும் உயர்த்துவதே வழி. அன்றிரவு நன்றாக உறங்கினாராம். மறுநாள் காலை போர்த்துறையின் வரைபடக்காரரை அழைத்து அமெரிக்காவின் வரைபடத்தில் அத்தீவுகளைச் சேர்க்கச் சொன்னாராம்.

இதை அச்சுக்குக் கொண்டுவந்தவர் குழுவில் ஒருவரான ஜெனரல் ஜேம்ஸ் ரஸ்லிங். வெளியானது 1903 ஜனவரி 22 நாளிட்ட ‘கிறிஸ்டியன் அட்வகேட்’ இதழில். நிகழ்வுக்கும் அச்சுக்கும் இடையே மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இடையில், 1901 செப்டம்பரில், மெக்கின்லி கொலையுண்டு இறந்துவிட்டார். மறுக்க ஆள் இல்லை. ஐயத்துக்கு இதுவே போதும். ஆனால் ஐயுறுவோரின் வலுவான ஆயுதம் வேறு. இதே ரஸ்லிங் 1899-இல் வெளியிட்ட உள்நாட்டுப் போர் நினைவு நூலில் லிங்கனைப் பற்றியும் ஏறக்குறைய இதே காட்சியை எழுதியிருக்கிறார். கெட்டிஸ்பர்க் போரில் காலை இழந்து கிடந்த ஜெனரல் சிக்கிள்ஸைப் பார்க்க வந்த லிங்கன், போருக்கு முன் அறைக்கதவைத் தாழிட்டு மண்டியிட்டதாகவும், எல்லாம் நலமாக முடியும் என்ற தெளிவு தமக்குள் வந்ததாகவும் சொன்னாராம். அங்கும் மண்டியிடுகிறார், அங்கும் விடை ‘வருகிறது’, அங்கும் கேட்டவர் ரஸ்லிங்.

ஒப்புமை கண்ணைப் பறிப்பதுதான். ஆனால் அது எதை நிறுவுகிறது? ரஸ்லிங்குக்கு ஒரு கதைச்சட்டகம் கைவந்திருந்தது என்பதை நிறுவுகிறது. சட்டகத்துக்குள் வைத்த சரக்கும் அவர் செய்ததே என்பதை நிறுவவில்லை. மேலும் இரு கதைகளும் ஒரே அளவு நம்பத்தகாதவை அல்ல: லிங்கன் எந்தத் திருச்சபையிலும் உறுப்பினராகச் சேராதவர், மெக்கின்லியோ சிறுவயது முதல் மெதடிஸ்ட். மெதடிஸ்ட் பெரியவர்கள் முன்னால் அவர் பிரார்த்தனையைப் பற்றிப் பேசுவதில் வியப்பில்லை.

சாட்சிகளைப் பற்றி ஐயவாதிகள் அதிகம் பேசுவதில்லை. அன்று உடனிருந்தவர்களாகப் பெயர் சொல்லப்படுபவர்கள் பிஷப் போமன், பிஷப் ஹர்ஸ்ட், முனைவர்கள் அப்பம், பக்லி ஆகியோர். இவர்களில் பக்லிதான் ‘கிறிஸ்டியன் அட்வகேட்’ இதழின் ஆசிரியர். தம் கண்முன் நடக்காத உரையாடலை நடந்ததாகத் தம் இதழிலேயே அச்சிட்டார் என்று கொள்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். 1916-இல் வந்த சார்லஸ் ஆல்காட்டின் வாழ்க்கை வரலாறும் உடனிருந்தோர் இதை உறுதிப்படுத்தியதாகக் குறிக்கிறது. இச்சாட்சியத்தையும் நான் மிகைப்படுத்த மாட்டேன். தம் சபையைச் சேர்ந்த, கொலையுண்ட அதிபரைப் பற்றிய பக்திக் கதையை எந்த பிஷப்தான் மறுப்பார்? எனவே மண்டியிட்டது உண்மையா என்ற கேள்வியைத் தீர்க்க வழியில்லை. அது தீராததால் பெரிய நட்டமும் இல்லை.

தீர்க்கக்கூடிய கேள்வி வேறொன்று. கூற்றின் நான்கு படிகள், அதாவது ஒவ்வொரு வழியாகத் தள்ளிவிட்டு எஞ்சியதைக் கடமை என்று ஏற்கும் தர்க்கம், யாருடையது?

இதற்கு ரஸ்லிங்கைச் சாராத இரண்டு ஆவணங்கள் உண்டு. முதலாவது, 1898 அக்டோபர் 26 அன்று வெளியுறவுச் செயலர் ஜான் ஹே, ஸ்பெயினுடன் பேச்சு நடத்த பாரிஸிலிருந்த அமெரிக்க சமாதானக் குழுவுக்கு அனுப்பிய தந்தி. அதற்கு முந்தைய நாள்தான் அக்குழு பிளவுபட்ட கருத்துகளை அனுப்பியிருந்தது: டேவிஸ், ஃப்ரை, ரீட் மூவரும் தீவுக்கூட்டம் முழுவதும் வேண்டும் என்றார்கள், தலைவர் டே ஒரு பகுதி போதும் என்றார், ஜனநாயகக் கட்சியினரான கிரே எதுவுமே வேண்டாம் என்றார். அதிபர் சார்பில் ஹே விடுத்த பதிலின் அமைப்பு கவனத்துக்குரியது. லூசோனை மட்டும் எடுத்து மற்றவற்றை ஸ்பெயினிடமோ எதிர்காலப் பூசலுக்கோ விடுவது அரசியல், வணிகம், மனிதநேயம் எந்த நோக்கிலும் தகாது. ஆகவே ஒன்று முழுவதும், அல்லது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பது ஏற்கத்தக்கதே அல்ல, எனவே முழுவதும். செப்டம்பர் 16-இன் அறிவுறுத்தல் லூசோனுக்குக் குறையாமல் என்றிருந்தது. ஆறு வாரத்தில் அது இந்த இடத்துக்கு வந்துவிட்டது.

இரண்டாவது, 1899 பிப்ரவரி 16 அன்று பாஸ்டன் ஹோம் மார்க்கெட் கிளப்பில் மெக்கின்லி ஆற்றிய உரை. அங்கேயும் அதே தள்ளல் தர்க்கம்: ஸ்பெயின் அல்லது அமெரிக்கா, வல்லரசுகளின் சண்டைக்களத்தில் எறிவதும், காப்பில்லாத அராஜகத்தில் விடுவதும் வெட்கக்கேடு. பிரார்த்தனை இல்லை, நள்ளிரவு இல்லை. ஆனால் ரஸ்லிங் தரும் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது.

உடனே ஒரு மறுப்பு எழும். பாஸ்டன் உரை அச்சிலிருந்தது; பாரிஸ் தந்திகளும் 1901-இல் வெளிவந்துவிட்டன; 1903-இல் எழுதிய ரஸ்லிங் அவற்றைப் பார்த்துக் கோத்திருக்கலாமே? இருக்கலாம். அப்படியே கொண்டாலும் தர்க்கம் மெக்கின்லியுடையது என்பது மாறாது. ஒரு முதிய ஜெனரல் செனட் ஆவணங்களைப் புரட்டிப் பக்திக் கட்டுரை எழுதினார் என்பதைவிட, அதிபர் பல மாதங்களாக மேடையில் சொல்லிவந்ததையே அறையிலும் சொன்னார் என்பது எளிய விளக்கம்.

இனி மூன்று வடிவங்களையும் அருகருகே வைத்தால் இதுவரை போதிய கவனம் பெறாத ஒரு வேறுபாடு துலங்குகிறது. பிலிப்பைன்ஸ் மக்களிடமே தீவுகளை விடுவது என்ற வழி, ரஸ்லிங்கின் கூற்றில் மூன்றாம் படியாக வந்து தள்ளப்படுகிறது. பாஸ்டன் உரையில் அராஜகம் என்ற பெயரில் வருகிறது. அக்டோபர் 26 தந்தியில் அது வரவே இல்லை. அங்கே தள்ளப்பட வேண்டியவை ஸ்பெயினும் பிறநாட்டுப் பூசலும் மட்டுமே. தீவினர் தந்தியின் இறுதியில் நலம் பேணப்பட வேண்டிய மக்களாகத் தோன்றுகிறார்கள். ஆட்சியை ஏற்கக்கூடிய தரப்பாக அல்ல.

வாஷிங்டனில் அந்த வழியை எவரும் அறியவில்லை என்று இதற்குப் பொருளல்ல. 1898 ஜூன் 12 அன்றே காவிட்டில் சுதந்திரம் அறிவிக்கப்பட்டுவிட்டது. செப்டம்பரில் மலோலோஸ் காங்கிரஸ் கூடிவிட்டது. ஜூன் 27 அன்று டூயியே, இம்மக்கள் கியூபர்களைவிடத் தன்னாட்சிக்குத் தகுதி மிக்கவர்கள் என்று தந்தி அடித்திருந்தார். மணிலாவிலிருந்து வந்த ஜெனரல் கிரீன் தம் அறிக்கையில் பிலிப்பைன்ஸ் புரட்சித் தலைவர் அகினால்டோவின் அரசைக் கடுமையாகக் குறைத்து மதிப்பிட்டிருந்தார். அக்டோபர் 1 அன்று அகினால்டோவின் தூதர் ஃபெலிப்பே அகோன்சில்யோ மெக்கின்லியை நேரிலேயே சந்தித்தார். அரசின் பிரதிநிதியாக ஏற்கப்படாமல் பாரிஸுக்குப் போனார், அங்கும் அவருக்குக் கதவு திறக்கவில்லை. தகவலும் தூதரும் இருந்தும், முடிவை அறிவிக்கும் ஆவணத்தில் அந்த வழியை மறுக்க வேண்டிய தேவைகூட உணரப்படவில்லை என்பதே நான் சுட்டுவது.

தேவை எப்போது வந்தது? 1899 பிப்ரவரி 4 இரவு மணிலாவின் புறத்தில் துப்பாக்கிகள் வெடித்த பிறகு. 6-ஆம் நாள் செனட் 57-க்கு 27 என்று பாரிஸ் சமாதான ஒப்பந்தத்தை ஏற்றது. 14-ஆம் நாள், நிலையான அரசு அமைந்ததும் தீவுகளுக்குச் சுதந்திரம் என்று உறுதிகூறும் பேக்கன் திருத்தம் 29-க்கு 29 என்று சமநிலையில் நின்று, துணை அதிபர் ஹோபார்ட்டின் வாக்கால் வீழ்ந்தது. ஒரே வாக்கு. அதற்கு இரண்டே நாள் கழித்துத்தான் பாஸ்டன் உரை. தீவினரிடம் விடுவது என்ற வழி அன்றுதான் அதிபர் மேடையேறி மறுத்தாக வேண்டிய அரசியல் எதிரியாகிறது. 1899 நவம்பரில் மெக்கின்லி அந்த மறுப்பை 1898 அக்டோபர் இரவொன்றுக்கு முன்தேதியிட்டு மெதடிஸ்டுகளிடம் சொல்கிறார்.

மூன்றாம் படியைவிடக் கனமான பொய் ஒன்று கூற்றின் தொடக்கத்திலேயே இருக்கிறது: டூயியை அனுப்பியபோது அதற்கு மேல் யோசிக்கவில்லை என்பது. மண்டியிட்டாரா இல்லையா என்று சண்டையிட்ட இரு தரப்பும் இந்த வரியைச் சோதிக்காமல் விட்டது எனக்கு இன்னும் புரியாத ஒன்று.

கலிபோர்னியாவை அச்சுறுத்தியதாகச் சொல்லப்படும் அந்தக் கப்பற்படையை முதலில் பார்ப்போம். அதன் தளபதி மொந்தோஹோவின் கப்பல்களில் பெரியவற்றுள் ஒன்றான ‘கஸ்தில்யா’ மரத்தால் ஆனது. போருக்குச் சில நாள் முன் சூபிக் விரிகுடாவுக்குப் போகும் வழியில் அதன் சுழலித் தண்டின் அருகே நீர் கசிந்தது, சிமெண்டால் அடைத்தார்கள், கசிவு நின்றது, சுழலியும் நின்றது. பிறகு அதை இழுத்துக்கொண்டுதான் திரும்ப வேண்டியிருந்தது. இந்தப் படையா பசிபிக்கைக் கடந்திருக்கும்?

அடுத்து, நாள்கள். 1898 மே 1 காலையில் அப்படை அழிந்தது. மணிலாக் கடற்கம்பியை டூயி துண்டித்துவிட்டதால் அவரது சொந்த அறிக்கை ஹாங்காங் வழியாக மே 7 அன்றுதான் வாஷிங்டனை எட்டியது. அதற்கு முன்பே, மே 4 அன்று, மணிலாவுக்கான துருப்புகளை சான்பிரான்சிஸ்கோவில் திரட்ட மெக்கின்லி இசைவளித்துவிட்டார். மே நடுவில், படைத்தலைமை ஏற்ற ஜெனரல் மெரிட் நேரடியாகவே கேட்டார்: தீவுகள் முழுவதையும் அடக்கி வைத்துக்கொள்வதா, தலைநகரை மட்டும் பிடித்து வைப்பதா? மே 19-இன் அறிவுறுத்தல் இக்கேள்விக்கு நேர்விடை தரவில்லை. ஆனால் படையின் நோக்கம் இரண்டு என்கிறது: அப்பகுதியில் ஸ்பானிய வலிமையை முடிப்பது, அமெரிக்காவின் வசம் இருக்கும் காலத்தில் தீவுகளுக்கு ஒழுங்கும் பாதுகாப்பும் தருவது. வரி வசூல், சுங்கம், நீதிமன்றங்கள் எல்லாம் பேசப்படுகின்றன. மே 25 அன்று முதல் கப்பல்கள் புறப்பட்டன. போகும் வழியில் குவாமையும் பிடித்துக்கொண்டன. ஜூலை முடிவதற்குள் மணிலாக் கரையில் ஏறத்தாழ 11,000 அமெரிக்கப் படைவீரர். எதிரிக் கப்பல்களை மூழ்கடிப்பதற்கு மேல் யோசிக்காதவர் எதற்காக இத்தனை பேரைக் கடல் கடத்தினார்?

ஜூன் 3 அளவில், அப்போது லண்டனில் தூதராக இருந்த ஹேக்குத் தெரிவிக்கப்பட்ட சமாதான நிபந்தனைகளில் ஒரு துறைமுகம் தவிர மற்றவை ஸ்பெயினிடமே என்றிருந்ததே என்பார்கள். இருந்தது, பதினொரு நாளில் அது கிளர்ச்சியாளரைக் காரணம் காட்டித் திரும்பப் பெறவும் பட்டது. அந்தத் தீவுகள் எங்கே இருக்கின்றன என்பதே தமக்குத் தெரியாது என்று மெக்கின்லி நகைத்ததாக நண்பர் கோல்சாட் 1923-இல் எழுதிய நினைவுக் குறிப்புக்கு நான் எடை தரவில்லை. ஸ்பெயினுடன் போர் மூண்டால் மணிலாவைத் தாக்கும் திட்டம் கடற்படையில் 1896 முதலே இருந்தது. எல்லாத் தீவுகளையும் எடுப்பதென்று மே மாதமே முடிவாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. முடிவு என்று ஓர் இரவைச் சுட்ட முடியாது, ஒவ்வொரு கட்டளையும் அடுத்ததைத் தவிர்க்க முடியாததாக்கியது, கட்டளையிட்டவர் ஒருவரே.

மிஷன் குழுவிடம் இதை ஏன் சொன்னார் என்பதற்கும் அந்த நவம்பரே விடை தருகிறது. அக்குழு கூடுவதற்கு ஒரு வாரம் முன், 13-ஆம் நாள், பயம்பாங்கில் அகினால்டோ தம் முறைப்படையைக் கலைத்துக் கெரில்லாப் போருக்கு மாறியிருந்தார். வாஷிங்டனுக்கு அது போரின் முடிவாகத் தெரிந்தது. மெதடிஸ்டுகளோ அந்த மார்ச்சிலேயே பிஷப் தோபர்ன் மூலம் மணிலாவில் ஊழியத்தைத் தொடங்கிவிட்டார்கள். மூன்று நூற்றாண்டாகக் கத்தோலிக்கராக இருப்பவர்களைக் கிறிஸ்தவர்களாக்குவதா என்ற பழைய கேலி இங்கே குறி தவறுகிறது. அந்த அறையில் இருந்தவர்களுக்குக் கத்தோலிக்கரும் மிஷன் களமே, பேசியவரும் அதை அறிந்தே பேசினார். இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 5-இன் ஆண்டுச் செய்தியில், சுதந்திரம் தந்து அமெரிக்கப் பாதுகாப்பை மட்டும் வைத்துக்கொள்ளும் யோசனையை அவர் காங்கிரஸ் கருதத் தகாதது என்று ஒதுக்கினார். ரஸ்லிங் பதிந்த மூன்றாம் படி அச்செய்தியின் பேச்சுவழக்கு வடிவம்.

ஆகவே இக்கூற்றை 1898 அக்டோபர் முடிவுக்குச் சான்றாக வைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்; 1903-இன் கற்பனை என்று ஒதுக்கும் வழக்கத்தையும் அதனோடு சேர்த்தே. அதை பேக்கன் திருத்தத்துக்குப் பின்னும் டிசம்பர் செய்திக்கு முன்னும் வைத்துப் படிக்க வேண்டும். மண்டியிடும் வரிகளுக்கு ரஸ்லிங் பொறுப்பாக இருக்கலாம். அதற்கு மேல் யோசிக்கவில்லை என்ற வரிக்குப் பொறுப்பு மெக்கின்லியுடையது.