துப்பாக்கி போய் கெமரா வந்த கதை



பெருநாளும் பாடசாலை விடுமுறையும் சேர்ந்து வந்தால் நம் ஊரிலிருந்து குமணவுக்கும் யாலவுக்கும் வேன்கள் புறப்பட்டுவிடும். அடுத்த நாள் முகநூலைத் திறந்தால் யானை, சிறுத்தை, மயில், முதலை என்று படங்கள் நிறைந்திருக்கும். நல்ல விடயம்தான். நம் பிள்ளைகள் காட்டைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் படங்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போவோம் என்பதற்காகவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமானது, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் 'சஃபாரி' என்ற சொல். இது நமக்கு அந்நியமானதல்ல. 'ஸபர்' என்று நாம் சொல்லும் அதே அரபுச் சொல்தான் கிழக்கு ஆபிரிக்கக் கரையில் சுவாஹிலி மொழிக்குள் போய் 'சஃபாரி' ஆனது. அங்கே அதன் பொருள் வெறுமனே பயணம். 19ஆம் நூற்றாண்டில் அங்கு போன வெள்ளையர்கள் அதைத் தங்கள் மொழிக்கு எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் அது மிருகங்களைத் தேடிப்போகும் பயணம் என்றாகியது. அன்று தேடிப் போனது படம் எடுக்க அல்ல, சுட.

நமது நாட்டிலும் அதே கதைதான். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் ஒருவர் மட்டுமல்ல. பயிரை அழிக்கின்றன என்று சொல்லி அரசாங்கமே யானைக்குத் தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாக அன்றைய குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் மேலும் 2,000.

அதே டெனன்ட் நம்மவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். யானை பிடிப்பதில் பேர்போன பணிக்கர்கள். வடக்கிலும் வடமேற்கிலும் இருந்த முஸ்லிம் கிராமத்தவர்கள் என்கிறார். நம் கிழக்கில் ஏறாவூரிலும் பணிக்கர்களின் பெயர் இன்றும் பேசப்படுகிறது. இரண்டே பேர், கையில் தோலால் திரித்த ஒரு கயிறு, துப்பாக்கி இல்லை. அடித்தடம் பார்த்து, சத்தமில்லாமல் பின்னால் போய், பின்னங்காலில் சுருக்குப் போட்டு மரத்தில் கட்டுவார்கள். இது இரக்கத்தால் செய்த வேலை அல்ல. பிடித்த யானைகள் விற்கப்பட்டன. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. யானை எப்போது பயப்படும், எப்போது கோபப்படும் என்பதைத் தெரியாமல் அந்தத் தொழிலில் ஒரு நாள் கூட உயிரோடு இருக்க முடியாது.

சுட்டுச் சுட்டு மிருகங்கள் குறைந்தபோது முதலில் கவலைப்பட்டவர்களும் வேட்டைக்காரர்களே. 1894இல் அவர்கள் இங்கே வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். 1900இல் யால ஒதுக்குக் காடாக்கப்பட்டது. அப்போதும் அதன் ஒரு பகுதி வேட்டையாடுவோருக்கென்று விடப்பட்டிருந்தது. அங்கு முதல் காவலராக இருந்தவர் ஹென்றி எங்கல்பிரெக்ட். தென்னாபிரிக்காவிலிருந்து போர்க் கைதியாகக் கொண்டுவரப்பட்ட போயர் இனத்தவர் அவர். 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாகின.

உலகில் கெமரா காட்டுக்குள் வந்ததும் இதே காலத்தில்தான். அமெரிக்காவில் ஜோர்ஜ் ஷைராஸ் என்ற வேட்டைக்காரர் துப்பாக்கியை வைத்துவிட்டு, இரவில் தோணியில் போய் வெளிச்சம் அடித்து மான்களைப் படம் எடுத்தார். 1906இல் அவருடைய 74 படங்களை நெஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை வெளியிட்டது. மிருகத்தைக் கொல்லாமலேயே வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்பதைப் பலர் அப்போதுதான் கண்டார்கள். ஆனால் கிழக்கு ஆபிரிக்காவில் படம் எடுத்த ஜேர்மனியரான ஷில்லிங்ஸ், சிங்கத்தை வரவழைக்க உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கட்டிவைத்தார். கெமரா வந்த உடனேயே கொடுமை போய்விடவில்லை. துப்பாக்கியை விட்ட கை, துரத்தும் பழக்கத்தை விடவில்லை.

இன்று யாலவில் நடப்பதும் அதுதான். சிறுத்தை ஒன்று தெரிந்தால் சாரதிக்குச் சாரதி போன் போகிறது. பத்து நிமிடத்தில் ஜீப்புகள் பாதையை அடைத்துவிடுகின்றன. நடுவில் அகப்பட்ட அந்த உயிர் தண்ணீருக்கும் போக முடியாது, குட்டியிடமும் போக முடியாது. இதில் சாரதியை மட்டும் குறை சொல்லி நாம் தப்ப முடியாது. போன் கெமராவில் தூரத்துச் சிறுத்தை ஒரு புள்ளியாகத்தான் விழும். அதனால்தான் "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க" என்கிறோம். கேட்பது நாம், காசு கொடுப்பதும் நாம்.

அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு சம்பவத்தை நம்மில் பலர் கேட்டிருப்போம். அதுவும் ஒரு ஸபரில் நடந்ததுதான். தோழர்கள் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இதன் குஞ்சுகளை எடுத்து இதைத் தவிக்க வைத்தது யார் என்று கேட்டு, திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். யாரும் அந்தப் பறவையைக் கொல்லவில்லை. அது தவித்தது, அவ்வளவுதான். அந்தத் தவிப்பே ரஸூலுல்லாஹ்வின் கண்ணில் பெரிதாகப்பட்டது.

ஆகவே இந்த விடுமுறையில் போகும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். புறப்படும்போதே சாரதியிடம் சொல்லிவிடுங்கள்: "சிறுத்தை காட்டாவிட்டாலும் பேசிய காசு தருவோம், துரத்த வேண்டாம்." படம் எடுக்கும்போது ப்ளாஷை நிறுத்துங்கள். கூப்பிட்டு, கை தட்டித் திரும்ப வைக்காதீர்கள். லாஹுகல வீதியோரத்து யானைக்கு வாழைப்பழம் நீட்டாதீர்கள். ஒருமுறை கிடைத்தால் அது மறுநாளும் வாகனத்தை மறிக்கும். பிறகு யானையும் சாகும், மனிதனும் சாவான்.

படம் தெளிவில்லாமல் வந்தால் பரவாயில்லை. ஐந்து நிமிடம் போனைக் கீழே வைத்துவிட்டு, யானை புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டி மண்ணை உதறிச் சாப்பிடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்து அவர்கள் சொல்லப்போவது அதைத்தான்.

அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானதாக ஆக்குவானாக. பயன் என்று நினைத்தால் பெருநாள் ட்ரிப் போகும் குழுமங்களில் பகிருங்கள்.