விண்ணப்பம்: காகிதத்தில் ஒரு கல்வெட்டு

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று வகுத்த முன்னோர், திருவண்ணாமலையில் ஒரு மே மாதத்தைக் கழித்திருப்பின் சற்றே தயங்கியிருப்பர். ஐம்பூதத் தலங்களுள் நெருப்புக்குரிய தலம் இது. அண்ணாமலையார் கோயிலில் சித்திரை வசந்த உற்சவம் நிறைவுற்ற சில நாட்களில், ஊரில் மற்றொரு திருவிழா தொடங்கிவிடும். இதற்குக் கொடியேற்றம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாவதே அதன் அறிவிப்பு. செங்கம், போளூர், கலசப்பாக்கம், தண்டராம்பட்டு, சவ்வாது மலை எனப் பல திசைகளிலிருந்தும் மாணவர்கள் அரசு கலைக் கல்லூரியை நாடி வருவர். உடன் வரும் தந்தையின் கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், அவற்றின் நகல்கள், இரண்டு புகைப்படங்கள்.

கோயில் கல்வெட்டுகளைப் படிப்பதற்கு நாம் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கைக் கல்லூரிச் சேர்க்கைப் படிவத்துக்கும் காட்டலாமே என்று தோன்றியதன் விளைவே இக்கட்டுரை. படிவமும் ஒரு கல்வெட்டுத்தான். அதன் ஒவ்வொரு கட்டமும் ஏதோ ஓர் ஆண்டில் நிகழ்ந்த வழக்கையோ, ஆணையையோ, போராட்டத்தையோ நினைவில் வைத்திருக்கிறது.

முதலில் தலைப்பைப் பார்ப்போம். 'விண்ணப்பம்' என்பது சோழர் கால ஆவணங்களில் நாம் அடிக்கடி காணும் சொல். அதிகாரியோ ஊராரோ விண்ணப்பம் செய்ய, மன்னன் கேட்டு ஆணையிடுவான். ஆணை கல்லில் வெட்டப்படும். பக்தன் இறைவனிடம் செய்வதும் விண்ணப்பமே. கீழிருப்பவர் மேலிருப்பவரை நோக்கிப் பேசும் சொல் அது. உரிமைகளைப் பற்றி எவ்வளவோ பேசிய பின்னரும், கல்லூரி வாயிலில் நாம் அச்சொல்லையே வைத்திருக்கிறோம்.

அடுத்த கட்டம், 'இறுதியாகத் தேறிய தேர்வு'. இதன் வேர் 1857இல் இருக்கிறது. அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகம் சட்டத்தின் வழி நிறுவப்பட்டது. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அந்நிறுவனம் தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்தது, பட்டம் அளித்தது. ஆகவே அதற்குள் நுழைவதென்பது மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறுவதேயாகும். 1858இல் அதன் முதல் பி.ஏ. பட்டம் பெற்றவர்கள் இருவர். இருவருமே யாழ்ப்பாணத் தமிழர்கள்: கரோல் விசுவநாதபிள்ளை ஒருவர், மற்றவர், பின்னாளில் கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை. சங்க நூலைச் சுவடியிலிருந்து மீட்ட கை, பல்கலைக்கழகத் தேர்வுத்தாளையும் முதலில் எழுதிய கை என்பது நம் போன்ற வாசகர்களுக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

மெட்ரிகுலேஷன், இண்டர்மீடியட், புகுமுக வகுப்பு என்று நுழைவாயிலின் பெயர் மாறிக்கொண்டே வந்து, 1978இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமானபின் 'பிளஸ் டூ' என நிலைத்தது. ஆனால் பழைய அமைப்பின் சாயல் மறையவில்லை. இங்கே இளநிலை மாணவரைச் சேர்ப்பது கல்லூரி. தேர்வு நடத்திப் பட்டம் தருவது பல்கலைக்கழகம். திருவண்ணாமலையில் 1966இல் தொடங்கப்பட்டு, இன்று கலைஞர் கருணாநிதி பெயரைத் தாங்கி நிற்கும் அரசு கலைக் கல்லூரி முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. 2002இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானபின் அதன் குடைக்கீழ் வந்தது. எனவே நம் ஊரில் பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகம் எங்கே என்று ஒருவர் கேட்டால், கல்லூரி முதல்வரின் அறைக்கு அருகிலுள்ள அந்தச் சிறிய அறையைத்தான் காட்ட வேண்டும்.

இனி, மிகுதியான கைகள் நடுங்கும் கட்டத்துக்கு வருவோம்: 'வகுப்பு'.

நாடு விடுதலை பெற்ற காலத்தில், சென்னை மாகாணத்தின் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடமும் வகுப்புவாரி ஆணைப்படி பிரிக்கப்பட்டது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்க்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதனை எதிர்த்து 1950இல் இருவர் உயர் நீதிமன்றம் சென்றனர். பொறியியல் இடம் வேண்டியவர் சீனிவாசன். மருத்துவ இடம் வேண்டியவர் செண்பகம் துரைராஜன். அவ்வழக்கில் பலர் கவனியாத செய்தியொன்று உண்டு. செண்பகம் துரைராஜன் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை. விசாரித்தபோது இடம் கிடைக்காது என்று அறிந்ததாகக் கூறி நேரே நீதிமன்றத்தை அடைந்தார். இச்செய்தி உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை அரசமைப்புக்கு முரணானது என்றது. தமிழகம் கொந்தளித்தது. ஏறத்தாழ இரண்டு மாதங்களில், அவ்வாண்டு ஜூனில், அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பிற்படுத்தப்பட்டோர்க்கும் பட்டியல் வகுப்பினர்க்கும் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு வழிவிடும் 15(4) என்னும் பிரிவு சேர்ந்தது. அலுவலகத்தில் ஒருபோதும் கொடுக்கப்படாத ஒரு விண்ணப்பம் நாட்டின் அரசமைப்பையே திருத்த வைத்தது! கொடுக்கப்பட்ட பல இலட்சம் விண்ணப்பங்கள் இன்றும் அத்திருத்தத்தின் நிழலிலேயே பரிசீலிக்கப்படுகின்றன.

இன்றைய கணக்கு வேறு. பொதுப் போட்டிக்கு 31 விழுக்காடு; பிற்படுத்தப்பட்டோர்க்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர்க்கு 20, பட்டியல் வகுப்பினர்க்கு 15, அருந்ததியர்க்கு 3, பழங்குடியினர்க்கு 1. இட ஒதுக்கீட்டின் மொத்தம் 69. ஒதுக்கீடு 50 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று 1992இல் உச்ச நீதிமன்றம் கூறிய பின்னர், 1993இல் இயற்றிய தனிச் சட்டத்தாலும், அதை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் தமிழகம் இதனைக் காத்துக்கொண்டது.

முதல் 31 விழுக்காடு 'முன்னேறிய வகுப்பாருக்கு' என்றே பலர் எண்ணுகின்றனர். அது தவறு. மதிப்பெண் வரிசையில் முன்நிற்கும் எவரும், எவ்வகுப்பினராயினும், அதில் இடம்பெறுவர். அது நிரம்பிய பின்னரே பிரிவுவாரிப் பட்டியல் தொடங்கும்.

இக்கணக்கை ஒரு வகுப்பறையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். 60 இடங்கள் கொண்ட ஒரு பாடப்பிரிவை எடுத்துக்கொள்வோம். மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 12, பட்டியல் வகுப்பினர்க்கு 9. பழங்குடியினர்க்கோ 0.6! ஒரு முழு நாற்காலி கூட இல்லை. சவ்வாது மலையைத் தன்னகத்தே கொண்ட மாவட்டம் இது. மலையிறங்கி வரும் மாணவிக்கு அந்தப் பின்னம் முழு எண்ணாகுமா, ஆகாதா என்பதே அவ்வாண்டின் பெரிய கேள்வி.

அந்த மாணவி கல்லூரி வாயிலை அடையுமுன் கடக்க வேண்டிய வாயில்கள் வேறு. மற்ற பிரிவினர்க்கு வட்டாட்சியர் அலுவலகத்தோடு சாதிச் சான்றிதழ் வேலை முடிந்துவிடும். பழங்குடியினர்க்கு மட்டும் 1989 முதல் கோட்டாட்சியர் நிலையிலுள்ள அதிகாரியே வழங்க வேண்டும் என்பது விதி. போலிச் சான்றிதழ்களைத் தடுக்க எழுந்த கெடுபிடி அது. உண்மையான பழங்குடிக் குடும்பமும் அதன் சுமையைச் சேர்த்தே தாங்குகிறது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர் என்று கோப்பு நகர்வதற்குள் கலந்தாய்வு நாள் கடந்துவிட்டால், அவள் பெற்ற மதிப்பெண்ணால் என்ன பயன்? சேர்க்கை அலுவலகத்து எழுத்தர் கேட்கும் 'சான்றிதழ் எங்கே?' என்ற இரண்டே சொற்களுக்குப் பின்னால் இத்தனை படிகள் இருக்கின்றன.

2020இல் பெருந்தொற்று வந்தபோது அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் விண்ணப்பம் இணையத்துக்கு மாறியது. முன்னெல்லாம் ஒவ்வொரு கல்லூரியிலும் தனித்தனியே படிவம் வாங்கி, பச்சை மையில் கையொப்பமிடும் அதிகாரியைத் தேடியலைந்த காலம் போயிற்று. வெயிலில் நின்ற வரிசை கலைந்தது என்று மகிழலாம். ஆயினும் அவ்வரிசை முற்றும் மறையவில்லை. கணினி மையங்களின் வாசலுக்கு இடம் பெயர்ந்தது. முன்பு எழுத்தர், "தம்பி, இந்தக் கட்டத்தை விட்டுட்டியே" என்று படிவத்தைத் திருப்பித் தருவார். திரைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

படிவத்தில் நாம் காண விரும்பும் கடைசிச் சான்று, 'முதல் பட்டதாரி'. குடும்பத்தில் எவரும் பட்டம் பெற்றிராத நிலையில் தொழிற்கல்வியில் சேர்வோர்க்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அதற்காக வருவாய்த் துறை வழங்கும் சான்றிதழ் இது. 1858இல் ஒரு மாகாணத்துக்கே முதல் பட்டதாரிகளாக இருவர் இருந்தனர். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் 'எங்கள் வீட்டில் நானே முதல்' என்று அரசிடம் சான்று பெறும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். பெருமைக்கும் வருத்தத்துக்கும் ஒரே காகிதம் இடமளிக்கிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய சேர்க்கைப் படிவமோ, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமோ, தந்தையாரின் புகுமுக வகுப்புக் கட்டண ரசீதோ கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். கல்வெட்டைப் படி எடுப்பதுபோல் கட்டம் கட்டமாகப் படித்துப் பாருங்கள். யார் உள்ளே வரலாம் என்று இந்த மண் வெவ்வேறு காலங்களில் அளித்த விடைகள் அதில் வரிசையாக இருக்கும். உங்கள் குடும்பம் எந்தக் கட்டத்தின் வழியே உள்ளே வந்தது என்பதும் அதிலேயே தெரியும்.