காரீயம் எண்ணிய கணக்கு

ஈயம் என்றால் நம் வீட்டுப் பெண்களுக்கு ரசம் வைக்கிற ஈயச்சொம்புதான் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். நான் சொல்ல வந்தது காரீயம். தூக்கினால் கை இறங்கிப்போகும் சரக்கு.

சிகாகோவில் ஜான் சிம்சன் என்ற விஞ்ஞானி இருந்தார். போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் புளூட்டோனியத்தை அளக்கும் கருவிகள் செய்தவர். ஜப்பானில் குண்டு விழுந்த 1945இலேயே அந்த ஊர் விஞ்ஞானிகள் சங்கம் சேர்த்தார்கள். முதல் தலைவர் இவர்தான். அணுசக்தி ராணுவத்தின் கைக்குப் போகக் கூடாது என்று வாஷிங்டன் வரை போய் வாதாடினார்கள். 1946இல் வந்த சட்டம் அதை ராணுவம் சாராத ஆணையத்திடம் ஒப்படைத்தது. குண்டு செய்வது என்னவோ நிற்கவில்லை. கொல்லாமை கேட்டு வளர்ந்த எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது.

அதற்குப் பிறகு சிம்சன் நியூட்ரானை வானத்தில் தேடினார். விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் புரோட்டான்கள் காற்றில் மோதிப் பொழியும் துகள் மழை நம் தலைமேல் ஓயாமல் விழுகிறது. அதில் வரும் நியூட்ரானுக்கு மின்னேற்றம் கிடையாது, தடம் விடாது. எப்படி எண்ணுவது?

1948இல் அவர் வகுத்த வழி இது. வேகத் துகள் காரீயத்தில் மோதட்டும். காரீய அணுக்கரு பெரிய குடும்பம்; 82 புரோட்டான், பெரும்பாலும் 126 நியூட்ரான். அடிபட்டதும் சூடேறி, கொதிக்கிற பானையில் ஆவி கிளம்புவதுபோல் நியூட்ரான்களை உதிர்க்கும். ஒரு மோதலுக்குப் பத்து, அதற்கு மேலும் வரும். ஒன்று போட்டுப் பத்து எடுக்கிற வியாபாரம்! உள்ளே பாரஃபின் மெழுகு. அதிலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரானுக்குச் சம எடை. கோலி கோலியில் பட்டதுபோல் வேகம் அடங்கிவிடும். நடுவில் போரான் வாயுக் குழாய். அடங்கிய நியூட்ரானைப் போரான் விழுங்கி ஹீலியமாகவும் லித்தியமாகவும் பிளக்கும். அவை மின்னேற்றம் உள்ளவை, ஒரு துடிப்பு கிடைக்கும். அதை எண்ணினால் போதும்.

பூமியின் காந்தப்புலமும் ஒரு சல்லடை. நம் ஊட்டியில் மேலிருந்து நேராக இறங்க ஒரு புரோட்டானுக்குச் சுமார் 1700 கோடி எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். துருவத்தருகே சொற்பமே போதும். அதனால்தான் கருவியைப் பல ஊர்களில் வைத்தார்கள். அமெரிக்காவின் கிளைமாக்ஸ் மலையில் 1951இல், அப்புறம் பெருவின் உவாங்காயோ என்று. 1956 பிப்ரவரி 23 அன்று சூரியன் சீறியபோது பல நிலையங்களில் எண்ணிக்கை பல மடங்கு எகிறியது. சூரியனே வேகத் துகள்களை வீசுகிறது என்பதற்கு அது பலத்த சாட்சி.

1964இல் கனடாவில் கார்மைக்கேல் இதைப் பெரிதாக்கினார். சிம்சன் 2000இல் காலமானார். கிளைமாக்ஸ் கருவி 2006 வரை எண்ணியது. பின்லாந்தின் ஊலுவில் 1964இல் தொடங்கிய கணக்கு இன்னும் ஓடுகிறது.