சொல்லின் பங்கு 7 விழுக்காடு: ஓர் எண்ணின் வரலாறு

மக்கள் ஒருவரோடொருவர் கருத்தைப் பரிமாறிக்கொள்ளுங்கால் சொல்லின் பங்கு 7 விழுக்காடே. குரலின் பங்கு 38. முகக்குறிப்பின் பங்கு 55. இக்கணக்கு அலுவலகப் பயிற்சி வகுப்புகளிலும் மேடைப்பேச்சுக் கலை நூல்களிலும் பன்முறை எடுத்தாளப்படுகின்றது. சொல்லையே ஆராய்பொருளாகக் கொண்ட எம்மனோர் இதனை வியந்து விட்டுவிடுதற்கில்லை. இஃது உண்மையாயின் சொல்லாராய்ச்சியின் பயனே ஐயத்திற்கு இடமாகும். ஆதலின் இவ்வெண் பிறந்த இடத்தை ஈண்டு ஆராய்வாம்.

இதற்கு மூலமாவன 1967ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு கட்டுரைகள். அமெரிக்க உளவியலறிஞர் ஆல்பர்ட் மெகராபியன், மார்ட்டன் வீனருடன் ஒன்றும் சூசன் பெர்ரிசுடன் மற்றொன்றும் எழுதினார். முதலாய்வில் தனிச்சொற்கள் சில, தம் பொருளோடு ஒத்த குரலிலும் மாறுபட்ட குரலிலும் ஒலிக்கப்பட்டன. இரண்டாவதில் 'ஒருவேளை' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்றே மூவகைக் குரலில் ஒலிக்க, உடன் முகத்தின் நிழற்படங்கள் காட்டப்பட்டன. முகத்தின் வலிமை குரலினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்பது அதன் முடிபு. வெவ்வேறாகிய இவ்விரு முடிபுகளையும் இணைத்துப் பெற்றதே மேற்கூறிய பகுப்பு. சொல், குரல், முகம் ஆகிய மூன்றனையும் ஒருங்கு வைத்து அளந்த ஆய்வு இவற்றுள் ஒன்றும் இல்லை.

பேசுவோரின் விருப்பு வெறுப்பு யாது என்பதே ஆங்கு உய்த்துணரப்பட்டது. செய்தியோ வாதமோ அளக்கப்படவில்லை. உணர்ச்சியையும் மனப்பாங்கையும் பற்றிய பேச்சிற்கன்றி இக்கணக்குப் பொருந்தாது என மெகராபியனே விளக்கியுள்ளார். எடுத்தாண்டோர் எண்ணை வைத்துக்கொண்டு வரம்பை விட்டனர். ஏடெழுதுவோன் ஓரடியை விட்டெழுத, எஞ்சிய அடி வேறு பொருள் தருவதைப் பதிப்பாசிரியர் நன்கறிவர். ஈண்டு நிகழ்ந்ததும் அதுவே.

நடைமுறையும் இக்கணக்கை மறுக்கின்றது. இந்தியாவில் 1850இல் கல்கத்தாவிற்கும் டயமண்டு துறைமுகத்திற்கும் இடையே முதன்முதல் இடப்பட்ட தந்திக்கம்பியும், 2013 சூலைத் திங்களில் முடிவுற்ற தந்திப் பணியும் குரலையோ முகத்தையோ கொண்டு செல்லவில்லை. எனினும் அரசாணையும் இறப்புச் செய்தியும் சின்னஞ்சிறு சொற்றொடர்களில் முழுமையாகவே சென்று சேர்ந்தன.

மெய்ப்பாட்டியலைக் காட்டி, தொல்காப்பியர் இதனை முன்னரே மொழிந்தார் எனக் கூற முற்படுதல் எளிது. அவர் நகை முதல் உவகை ஈறாக மெய்ப்பாடு எட்டும், ஒவ்வொன்றற்கும் நிலைக்களன் நந்நான்கும் வகுத்தார் என்பது மெய்யே. ஆயின் பங்கீடு எதனையும் அவர் கூறவில்லை. மேலும், செய்யுளியலில் மெய்ப்பாட்டைச் செய்யுளுறுப்புகளுள் ஒன்றாக வைத்தார். செய்யுளைப் பயில்வார் தலைவியின் முகத்தைக் காண்பதில்லை. அவள் கண்ணீரும் பசலையும் சொல்வழியாகவே அவர்க்குப் புலனாகின்றன. மெய்ப்பாட்டைச் சொல்லோடு போட்டியிடும் பொருளாக அவர் கொள்ளவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

முகக்குறிப்பிற்கும் குரலிற்கும் ஆற்றல் இல்லை என்பது எம் கருத்தன்று. சொல்லும் குரலும் மாறுபடும்போது கேட்போர் குரலை நம்புவர் என்பதை யாவரும் அறிவர். அவ்வுண்மையை நூற்றின் கூறாக்கி எல்லாப் பேச்சிற்கும் உரியதாக்கியதே பிழை. பாடத்தை மூலச்சுவடியோடு ஒப்பிட்டன்றிக் கொள்ளாத நாம், எண்ணையும் அவ்வாறே கொள்ளுதல் முறையாகும்.