21: ஓர் எண் வந்த வழி

நார்வேயின் ஸ்தவாங்கரில் இருக்கும் தெற்கு ரோகலாண்ட் மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒரு கொலை வழக்கு வந்தால், தண்டனையின் எல்லைகளைச் சட்டமே வகுத்து வைத்திருக்கிறது. குறைந்தது 8 ஆண்டு, மிஞ்சினால் 21. தூக்கும் கிடையாது, ஆயுளும் கிடையாது. இந்த 21 வந்து சேர நூறாண்டு பிடித்தது.

நார்வேயில் அமைதிக்காலத்தில் கடைசியாக ஒரு குற்றவாளியின் தலை வெட்டப்பட்டது 1876இல். 1902இன் குற்றவியல் சட்டம் சாதாரணக் குற்றங்களுக்கு மரண தண்டனையை நீக்கியது. ஆயுள் தண்டனை உச்சத்துக்கு வந்தது. போர்க்காலச் சட்டத்தில் மட்டும் மரணம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பு முடிந்தபின் அதன்படி ஆக்கிரமிப்பாளர்களுக்குத் துணைபோன விட்குன் க்விஸ்லிங் உட்பட 37 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1979இல் அதுவும் போயிற்று. 1981இல் ஆயுள் தண்டனையும் நீக்கப்பட, அதன் இடத்தைப் பிடித்தது 21.

ஆனால் 21 முடிந்தபிறகும் ஒருவர் ஆபத்தானவராகவே இருந்தால்? அதற்காக 2002இல் வந்தது ‘ஃபோர்வாரிங்’ எனும் தடுப்புக் காவல். நம் குண்டர் சட்டக் காவல்போல விசாரணை இல்லாமலே வருவதல்ல இது. நீதிமன்றம் தீர்ப்பாகவே விதிப்பது. காலம் முடிந்தாலும், ஒவ்வொரு முறையும் 5 ஆண்டு வரை நீட்டிக்கலாம்.

2011 ஜூலை 22 அன்று 77 பேரைக் கொன்ற பிரெய்விக்குக்கு, அடுத்த ஆண்டு ஓஸ்லோ நீதிமன்றம் விதித்தது இதைத்தான்: 21 ஆண்டு, அதில் குறைந்தது 10. ‘77 உயிருக்கு 21 ஆண்டா?’ என்று வெளிநாடுகளில் கேட்டவர்கள் நீட்டிப்பைக் கவனிக்கவில்லை. 10 ஆண்டு கழிந்து அவர் விடுதலை கேட்டபோது, 2022இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இதற்கிடையே இனப்படுகொலை, போர்க்குற்றங்களுக்கும், பின்னர் கொடிய பயங்கரவாதத்துக்கும் உச்சவரம்பு 30 ஆனது. 2022 ஓஸ்லோ துப்பாக்கிச் சூட்டுக்கு 2024இல் விழுந்தது 30 ஆண்டு ஃபோர்வாரிங்.

நம் ஊரில் ‘ஆயுள் என்றால் 14 வருஷம்’ என்பார்கள். சட்டப்படி ஆயுள் என்பது உயிர் உள்ளவரை. கொலை போன்ற குற்றங்களில் 14 ஆண்டு கழியாமல் தண்டனைக் குறைப்பில் வெளியே விடக்கூடாது, அவ்வளவுதான். ராஜீவ் கொலை வழக்கில் எழுந்த கேள்விக்கு 2015இல் பதிலளித்த உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, அந்தக் குறைப்புக்கே இடமில்லாதபடி நீண்ட காலத்தை உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் நிர்ணயிக்கலாம் என்றது.

எண்களைவிடப் பெரிய வேறுபாடு, வாதாட வேண்டியது யார் என்பதில் இருக்கிறது. இங்கே ஆயுள் கைதி வெளியே வர அரசிடம் மனுப் போட்டுக் காத்திருக்கிறார். அங்கே, விதித்த காலம் முடிந்தபின்னும் ஒருவரை உள்ளே வைத்திருக்க விரும்பினால், அரசுத் தரப்புதான் நீதிமன்றப் படியேறிக் காரணம் சொல்ல வேண்டும்.